கதவைத் தட்ட வேண்டாம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே யார் வீட்டுக் கதவையும் தட்டப் பிடிக்காது.

பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி வா என்று அம்மா அனுப்பினால், போய் அந்த வாசலில் நின்றுகொண்டிருப்பேன். யாராவது தானாகத் திறந்தால் ஏணி, திறக்காவிட்டால் வெறுங்கை. பின்னாலேயே என் அக்கா வருவாள். படபடவென்று கதவைத் தட்டி, "உள்ள என்ன தூக்கமா? ஏணிய எடுங்க" என்பாள். ஏணியோடு திரும்பும்போது வழியெல்லாம் எனக்குத் திட்டு விழும். "வாய எதுக்குடா வச்சிருக்க? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்" என்பாள். ஏணியின் முன்பக்கத்தை அவள் பிடிப்பாள், பின்பக்கத்தை நான் பிடிப்பேன். எங்கள் வீட்டு ஏற்பாடு கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளை உங்களை விசாரணைக்கு அனுப்பியிருப்பதே ஒரு கதவைப் பற்றித்தான். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் குடியுங்கள், அந்த டம்ளர் கழுவியதுதான்.

அக்காவின் சமையற்கூடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். மழை பெய்தால் சாப்பாட்டு வாசனையோடு ரப்பர் வாசனையும் சேர்ந்து வரும். வெளியே நடமாட முடியாமல் தனியாக இருப்பவர்களுக்கு அங்கிருந்து மதியச் சாப்பாடு போகும். அக்கா சமைப்பாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், வெங்காயம் உரிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் ஓட்டுவார். பைகளை மாடி மாடியாக ஏறிக் கொடுப்பது மட்டும் தன்னார்வலர்கள்.

அவர்களை அக்கா எப்படிக் கட்டி மேய்த்தாள் என்று கேட்டால், திட்டித்தான். அவளுக்கு நன்றி சொல்ல வராது. "ஏன் நேத்து வரல? கால் உடைஞ்சு போச்சா? உடையலன்னா கிளம்பி வாங்க" என்று போனில் கேட்பாள். கேட்ட மறுநிமிடம் ஆள் வந்து நிற்கும். பல் டாக்டர் ஒருவர் காலையில் பல் பிடுங்கிவிட்டு மதியம் பை தூக்க வருவார். ஏன் சார் உங்களுக்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். "என் நாற்காலியில உக்கார்றவங்க எல்லாரும் வாயத் திறக்குறாங்க தம்பி, ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்க. இங்க வந்தா உங்க அக்காவாவது நாலு வார்த்தை திட்டுறாங்க" என்று சிரித்தார்.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. பையை வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. கதவைத் தட்ட வேண்டும், ஆள் வந்து திறக்க வேண்டும், திறந்து ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் பை கை மாறும். "சாப்பாடு ஒரு சாக்குடா. ஆள் எப்படி இருக்காங்கன்னு பாக்கத்தான் போறோம்" என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தால் அது முட்டிவலிக்குப் போய், மருமகளுக்குப் போய், எதிர்வீட்டு நாய்வரை போகும். அடுத்த வீட்டுக்காரரின் சூப் ஆறிப்போகும். இதைச் சொன்னால், "ஆறினா சுட வச்சுக் குடிக்கட்டும், அதுக்கும் ஒரு வேலை வேணும்ல" என்று பதில் வரும்.

அவள் வட்டாரத்தில் மூணாம் மாடி என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். முட்டி தேய்ந்து கீழே இறங்க முடியாது. கதவு திறந்ததும் ஆளுக்கு முன்னால் திட்டு வெளியே வரும். "நேத்து உப்பு இல்ல. இன்னிக்கு என்ன இல்ல?" என்பார். தன்னார்வலர்கள் பயந்ததால் அக்காவே அவருக்குக் கொண்டுபோவாள். இரண்டு பேரும் படிக்கட்டு அதிரக் கத்திக்கொள்வார்கள்.

"உங்க நாக்குக்கு உப்புப் போட நான் என்ன கடலா?"

"கடல்கூட இவ்வளவு சத்தம் போடாதும்மா."

கீழே இறங்கி வரும்போது அக்கா முகம் மலர்ந்திருக்கும். "இன்னிக்கு நல்லாத் திட்டுறாரு. உடம்பு தெம்பா இருக்கு" என்று மாமாவிடம் சொல்வாள். மாமாவும் ஏதோ மருத்துவ அறிக்கையைக் கேட்டவர் மாதிரி தலையாட்டுவார். எனக்கு அந்தக் கணக்கு பிடிபட்டதே இல்லை.

நான் 'கைகோர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது கம்பெனி வேலையை விட்ட பிறகு. வேலை என்னை விட்டது என்று அக்கா சொல்வாள், அதிலும் தப்பில்லை. உதவி செய்ய ஆசைப்படுபவர்கள் ஒருபக்கம் இருக்கிறார்கள், ஆள் கிடைக்காமல் திண்டாடும் அமைப்புகள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. இருவரையும் ஒரு தளத்தில் சேர்த்து வைத்துவிட்டால் யாரும் யாரையும் போனில் கெஞ்ச வேண்டாம், திட்ட வேண்டாம். எந்த நாள் வசதி, என்ன வேலை தெரியும் என்று குறித்தால் போதும், தளமே பொருத்தமான இடத்தைக் காட்டும். மாமாவின் பிறந்தநாள் விருந்தில் இதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன்.

அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்போ என் தம்பி ஒரு பொத்தான அமுக்கினா ஊர்ப் பசியெல்லாம் பறந்து போயிடும்" என்றாள்.

விருந்து மேசையே சிரித்தது. மாமாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை, மேடம். யார் யார் சிரித்தார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எனக்கு இயல்பாகவே ஞாபகசக்தி அதிகம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தளத்தில் முதல் ஆளாகப் பதிவு செய்தது அக்காதான். "என் தம்பி செஞ்சது, நான் சேரலன்னா யாரு சேருவா" என்று தன் சமையற்கூடத்தைச் சேர்த்தாள். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் செய்வாள். தன் ஆட்கள் எல்லோரையும் இழுத்துவந்து சேர்த்தாள். எனக்காகப் பத்துக் கதவைத் தட்டினாள் என்றும் சொல்லலாம்.

தளம் நன்றாக வளர்ந்தது. நூலகம் வந்தது, பூங்கா வந்தது, நாய்க் காப்பகம் வந்தது. நாய்க் காப்பகத்துக்குத்தான் அடிதடி. வேலை முடித்தவர்களுக்கு உடனே நன்றிச் செய்தி போகும், கூடவே வெள்ளி இதயம், தங்க இதயம் என்று சின்னங்கள். தங்க இதயத்துக்காகப் பெரிய பெரிய அதிகாரிகள் நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், மேடம். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஒழுங்காக நடக்கும் அமைப்புகள் பச்சையில் தெரியும், பின்தங்கியவை சிவப்பில் தெரியும். சிவப்பில் இருந்தது ஒன்றே ஒன்று. அது எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தளத்தை அறிமுகப்படுத்தும்போது வருபவர்கள் எல்லோரும் முதலில் அந்தச் சிவப்பைத்தான் கேட்பார்கள். அது என் அக்காவுடையது என்று சொல்ல எனக்கு நா எழாது.

காரணம் அந்தக் கதவு தட்டும் பழக்கம். அதனால் அவள் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு புது முறை வைத்தேன். தட்ட வேண்டாம். பையைக் கதவின் கைப்பிடியில் மாட்ட வேண்டும், ஒரு படம் எடுத்துத் தளத்தில் ஏற்ற வேண்டும், பச்சைக் குறி விழும், அடுத்த வீட்டுக்குப் போகலாம். அரைமணி வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

அக்கா நேராகக் கரண்டியோடு போனை எடுத்தாள். "கைப்பிடிக்கா சாப்பாடு போடுறோம்?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, "அவன் கெடக்குறான், நீங்க தட்டுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் தட்டினார்கள். நன்றியும் தங்க இதயமும் கொடுக்கிற என் பேச்சைக் கேட்காமல், திட்டுகிற அவள் பேச்சைக் கேட்டார்கள். மனித மனம் விசித்திரமானது.

அப்போதுதான் உங்கள் அறக்கட்டளையிலிருந்து தளத்தைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். பிடித்திருந்தால் இன்னும் பல ஊர்களுக்குத் தளத்தைக் கொண்டுபோக உதவுவதாகவும் சொன்னார்கள். திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று யாருக்கும் தோன்றும்தானே.

தளத்தில் ஒரு விதி உண்டு. பொறுப்பாளரைப் பற்றித் தொடர்ந்து குறைகள் வந்தால் அவருடைய பொறுப்பு தானாக நிறுத்திவைக்கப்படும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அக்கா என்பதற்காக மாற்ற முடியாது. முதல் குறை உண்மையானது. பல் டாக்டர் என்னிடம், "இன்னிக்கு உங்க அக்கா செம திட்டு" என்று சொல்லிச் சிரித்தார். அதில் சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாதல்லவா, மீதியை மட்டும் அவர் பெயரில் பதிந்தேன். மற்றவர்களுக்குக் குறை சொல்ல நேரம் இருந்திருக்காது. அவர்கள் சார்பில் நானே எழுதினேன். ஒவ்வொருவர் பேசும் விதத்துக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் ரசனையாக இருந்தது.

அக்காவின் பொறுப்பு நின்றது. சமைக்கலாம், ஆனால் யார் எங்கே போவது, தட்டுவதா மாட்டுவதா என்று சொல்ல முடியாது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "நல்லதாப் போச்சு, நானே மாடி ஏறுறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு மூணாம் மாடிக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போனால் தட்டுவாள், உப்பைப் பற்றி ஒரு மணி நேரம் கச்சேரி நடக்கும், திரை சிவப்பாகவே இருக்கும். ஆகவே இன்னொரு குறை வர வேண்டியிருந்தது.

அதை என் மேசைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் போனிலேயே படித்தாள். மூணாம் மாடிக்காரர் பெயரில் வந்திருந்தது. "இந்த அம்மா வந்து தட்டுவது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. பையை மாட்டிவிட்டுப் போனால் போதும். இவர் இனி வர வேண்டாம்." இரண்டு தடவை படித்தாள்.

"இத அவரா எழுதினாரு?"

"அவர் பேர்லதானே வந்திருக்கு."

"அவருக்குப் போன்ல எழுதத் தெரியாதேடா."

"யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்கக்கா."

கவனியுங்கள், மேடம், அந்தப் பதிலில் ஒரு பொய்கூட இல்லை.

அக்கா இன்னொரு தடவை பார்த்தாள். "உப்பப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றாள். அது என் கவனக்குறைவு. ஒரு வரி சேர்த்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். ஆனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தம்பி கையிலிருக்கும் போன் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தொந்தரவுன்னா எதுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் அவள் கால் வைக்கவில்லை.

மூணாம் மாடி பல் டாக்டருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். அந்தப் பெரியவருக்குத் தட்டினால் பிடிக்காதாம் என்று சொன்னேன், தட்டாமல் மாட்டினார். திரை பச்சையானது. உண்மையிலேயே அழகாக இருந்தது, மேடம். சின்னப் பையன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நீங்கள் கேட்க வந்த இடத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு கைப்பிடியைக் காலியாக விடுவார்கள். அதனால் ஒவ்வொரு நாள் படத்திலும் ஒரு பைதான் இருக்கும். பார்வையிட வருகிற வாரத்தில், மூணாம் மாடிப் படத்தில் இரண்டு பைகள் இருந்தன. நான் கவனித்தேனா என்று கேட்கிறீர்கள். கவனித்தேன். படங்களை எல்லாம் நானே பார்ப்பேன், வேலையில் நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

டாக்டரும் செய்தி அனுப்பியிருந்தார். "நேத்துப் பை அப்படியே தொங்குது. உள்ள டக் டக்குன்னு ஏதோ சத்தம் கேக்குது. தட்டிப் பாக்கவா?"

நான் யோசிக்காமல் பதில் போடவில்லை. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனரும் கையுமாக ஏதாவது பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். நேற்றைய சாப்பாடு பிடிக்காமல் வீம்புக்கு எடுக்காமல் விட்டிருக்கலாம். இவையெல்லாம் எனக்குத் தோன்றின. இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டிப் பார்த்து, உள்ளே அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். மறுநாள் பார்வையாளர்கள் வருகிறார்கள். அந்த விருந்து மேசை முழுக்க மறுபடியும் சிரிக்கும்.

"ஏதோ ரிப்பேர் வேலை பார்க்கிறார் போல. தட்ட வேண்டாம். உங்கள் சேவைக்கு நன்றி" என்று பதில் அனுப்பினேன். கூடவே ஒரு தங்க இதயமும் போனது. அது தானாகப் போவது, நான் அனுப்பியதில்லை.

மறுநாள் படத்தில் மூன்று பைகள். மாடி ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்தக் கதவின்மேல் விழுந்து, படம் நன்றாக வந்திருந்தது. பார்வையாளர்களுக்குத் திரையில் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. ஓரத்தை வெட்டி ஒரே ஒரு பை தெரிகிற மாதிரி செய்து அதையே காட்டினேன். உங்கள் தலைவர் கைதட்டியது நினைவிருக்கும். எல்லோரும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் மூணாம் மாடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு உள்ளே சத்தம் எதுவும் இல்லையாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்குச் செய்தி அனுப்பாமல் அக்காவுக்குப் போன் செய்துவிட்டார். அக்கா அடுப்பை அணைக்காமல் ஓடினாள் என்று மாமா சொன்னார். படபடவென்று தட்டியிருக்கிறாள். "உப்பு போடாமத்தான் கொண்டாந்திருக்கேன், வந்து திட்டுங்க" என்று கத்தியிருக்கிறாள். மாமா வேனிலிருந்த ஜாக்கி கம்பியைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார்.

பெரியவர் சமையலறையிலிருந்து கதவுவரை தவழ்ந்து வந்திருக்கிறார். கைக்கு எட்டும் தூரத்தில் கதவு, பக்கத்தில் ஒரு ஸ்பேனர். கதவின் அடிப்பக்கத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. ரிப்பேர் வேலை என்று நான் சொன்னதை முழுத் தப்பு என்று சொல்ல முடியாது, ஸ்பேனர் கையில் இருந்திருக்கிறதே. பக்கவாதம் என்றார்கள். முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பேச்சு திரும்பியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர்கள் சொன்னதாகக் கேள்வி. அப்படித்தான் எப்போதும் சொல்வார்கள்.

அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். நான் தயாராகத்தான் இருந்தேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பாளே, கன்னத்தில் ஒன்று விழும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் உட்காரவில்லை.

"அவரு அப்படி எழுதலதானே?" என்று கேட்டாள்.

"எழுதத் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாருக்கா" என்றேன்.

அவள் திட்டவில்லை. வாயே திறக்கவில்லை, மேடம். சுவரில் இருந்த திரையை ஒருதடவை பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நாற்பது வருஷமாக அவள் வாயிலிருந்து திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான். அன்றைக்கு அவள் ஒரு சொல்கூடத் திட்டவில்லை என்றால், புரிந்துகொண்டு மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். அதற்குப் பிறகு போனும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஆமாம், குறைகளை எழுதியது நான். பைகளைப் பார்த்தது நான். உள்ளே சத்தம் கேட்கிறது என்று தெரிந்தும் தட்ட வேண்டாம் என்று சொன்னது நான். இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லையே. எந்த இடத்தில் தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் பெரியவரைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அந்த இல்லமும் நம் தளத்தில் சேர்ந்திருக்கிறது. நல்லவேளையாக அறைக்கதவு திறந்தே இருந்தது, தட்ட வேண்டியிருக்கவில்லை. மேசைமேல் அக்காவின் சாப்பாட்டுப் பை இருந்தது, இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் உப்பு டப்பா இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு எப்படி இருக்கிறது, எங்கள் சேவையில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கொஞ்சம் அசைந்தது. பொறுமையாகக் காத்திருந்தேன்.

ஒரு குறையும் சொல்லவில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.